கொரிய மெய்யெழுத்துகள்: வடிவம் மனத்தில் பதிந்துவிட்டது, ஒலிதான் பிடிபடவில்லை

ஒரகடம் கதிர்
அனைவருக்கும் வணக்கம். ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களிடம் வரும் பெட்டிகளிலும் வரைபடத் தாள்களிலும் குறிப்புகள் கொரிய எழுத்தில்தான் இருக்கும். ஆறு வருடங்களாக நிறத்தை வைத்தே வேலை நடந்தது. பச்சை ஸ்டிக்கர் என்றால் தேறியது, சிவப்பு என்றால் கழிவு. சென்ற மாதம் வந்த பெட்டிகளில் எல்லா ஸ்டிக்கரும் வெள்ளைத் தாளில் கறுப்பு மையாக இருந்தன. ஒரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இது எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தெரியாமல் பத்து நிமிடம் நின்றேன். அன்று மாலையே படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வாரத்தில் 14 அடிப்படை மெய்களும் மனப்பாடம். வடிவத்தில் சிரமமே இல்லை. நம் 'ட' போல இருப்பது அவர்களுக்கு 'ந'. அதையே தலைகீழாகச் சுழற்றினால் 'க'. நம் 'ப'வின் நடுவே ஒரு குறுக்குக்கோடு போட்டால் அவர்களுக்கும் அது 'ப'தான். அதைப் பார்த்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒலியில்தான் திண்டாட்டம். இறைச்சிக்கு 'கோகி' என்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரே எழுத்து. ஆனால் பதிவைக் கேட்டால் முதல் எழுத்து 'கல்'லில் வரும் க, இரண்டாவது 'பகல்' என்பதில் வரும் க. ஆங்கில எழுத்தில் எழுதிய பாடப்புத்தகமோ இரண்டையும் ஒரே மாதிரி எழுதி, 'இரண்டு ஒலிக்கும் இடைப்பட்டது' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறது. இதற்கு மேல் க, த, ப, ஜ ஆகிய ஒவ்வொன்றிலும் மூன்று வகை வேறு. என் காதுக்கு மூன்றும் ஒன்றாகவே கேட்கின்றன. நோட்டில் பக்கத்திலேயே தமிழில் எழுதிப் படிக்கலாமா, கூடாதா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

நித்யா திருச்சி
எனக்கும் இதே குழப்பம்தான் அண்ணா. தொடர்களில் கேட்டுப் பழகியதால் சொற்கள் தெரியும், எழுத்துக்கூட்டும்போதுதான் தடுமாறுகிறேன். கொரியாவின் பூசான் நகரப் பெயரையே பாருங்கள். பழைய வரைபடங்களில் முதல் எழுத்தாக ஆங்கில P போட்டும், இப்போது அதற்குப் பதில் B போட்டும் எழுதுகிறார்கள். 1996இல் தொடங்கிய அங்குள்ள திரைப்பட விழாகூட 2011இல் பெயரின் முதல் எழுத்தை மாற்றிக்கொண்டது. ஊர்க்காரர்கள் உச்சரிப்பை மாற்றினார்களா என்ன?

மொழியரசி
உச்சரிப்பு மாறவே இல்லை நித்யா. 2000ஆம் ஆண்டில் கொரிய அரசு ஆங்கில எழுத்தில் எழுதும் முறையை மாற்றியது, அவ்வளவுதான். அந்த ஒலி இரண்டு ஆங்கில எழுத்துகளிலும் அடங்காது. குடும்பப் பெயர்களிலும் இப்படித்தான். பார்க் என்று நாம் படிக்கும் பெயரில் ர் கிடையாது, அது 'பாக்'. லீ என்ற பெயரில் தென்கொரியாவில் ல் கிடையாது, அது வெறும் 'இ'. ஆகவே கதிர், உங்கள் முதல் வேலை அந்த ஆங்கில எழுத்துகளைக் கண்ணில் படாமல் மறைப்பது. நான் பதினொரு வருடமாக ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். தமிழர்கள் இங்கே தடுக்கி விழுவதற்கு நம் மொழி காரணமில்லை. ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போவதுதான் காரணம்.

உங்கள் முதல் கேள்விக்கு விடை உங்கள் வாயிலேயே இருக்கிறது. 'கதவு' சொல்லுங்கள், 'பகல்' சொல்லுங்கள், 'சங்கு' சொல்லுங்கள். மூன்றிலும் ஒரே க. சொல்லின் முதலில் வந்தால் தொண்டையில் அதிர்வில்லை, இரண்டு உயிர்களுக்கு நடுவிலும் மெல்லினத்துக்குப் பின்னும் வந்தால் அதிர்கிறது. யாரும் நமக்கு இதைச் சொல்லித் தரவில்லை, பிறந்ததிலிருந்து செய்கிறோம். கொரிய மொழியும் இதையேதான் செய்கிறது. 'கோகி'யில் முதல் க அதிராது, இரண்டாவது அதிரும். தங்கள் நாட்டை அவர்கள் 'ஹான்குக்' என்கிறார்கள். அதில் ன்-னுக்கு அடுத்த க, 'சங்கு'வின் கு போல அதிரும். 'பாபோ' என்றால் அறிவிலி. அதில் முதல் ப 'பழம்', இரண்டாவது ப 'அபாயம்'. ஆங்கிலமோ இந்தியோ மட்டும் தெரிந்தவர்கள் இதற்கு விதி போட்டு மாதக்கணக்கில் பயிற்சி செய்கிறார்கள். நமக்கு ஒரு நிமிட வேலை.

ஆன்சான் அருள்
மொழியரசி அக்கா சொன்னதில் பாதிக்கு முழுமனதாகச் சம்மதம். மறுபாதியில் ஓர் எச்சரிக்கை. சொல்லின் நடுவில் நம் பழக்கம் கைகொடுக்கும். சொல்லின் முதலில் அதுவே நம்மைக் கவிழ்த்துவிடும்.

கொரியாவில் இந்த ஆன்சான் நகருக்கு வந்த புதிதில் வாடகைக்கு அறை தேடினேன். அறைக்கு 'பாங்' என்று பெயர். தரகுக் கடைக்குள் போய் நம் 'பாங்கு' போல அழுத்தமாகப் 'பாங்' என்றேன். அந்த அம்மாள் என்னைக் கண்ணாடிக் கதவுவரை அழைத்துவந்து, எதிரிலிருந்த ரொட்டிக் கடையைக் கை நீட்டிக் காட்டினார். ரொட்டிக்கும் 'பாங்'தான், ஆனால் இரட்டைப் ப போட்டு எழுதுவார்கள். அவர் காதில் என் தமிழ் ப இரட்டைப் ப-வாக விழுந்திருக்கிறது. பசியோடு வந்தவன் என்று நினைத்துப் பரிவோடுதான் வழி காட்டினார். நான் அறையும் இல்லாமல் ஒரு ரொட்டிப் பொட்டலத்தோடு திரும்பினேன்.

காரணம் இதுதான். தமிழில் சொல்லின் முதலில் வரும் க, த, ப எல்லாம் மூச்சே கலக்காத, இறுக்கமான ஒலிகள். கொரிய மொழியில் சாதாரணக் க, த, ப சொல்லின் முதலில் வரும்போது தளர்வாக, சிறிது மூச்சுடன், தாழ்ந்த சுருதியில் வரும். நாம் நம் 'பல்'லில் வரும் ப-வைப் போட்டால் அவர்களுக்கு அது இரட்டைப் ப-வுக்கு நெருக்கம். நம் 'புல்'லையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மொழியிலும் புல்லுக்கு ஏறத்தாழ அதே சொல்தான், ஆனால் மூச்சு கலந்த ப. தளர்ந்த ப போட்டால் தீ. இரட்டைப் ப போட்டால் விலங்கின் கொம்பு. தமிழர் 'புல்' என்று சொன்னால் கொரியருக்குப் பெரும்பாலும் கொம்பு என்றுதான் கேட்கும்.

ஒரகடம் கதிர்
இருவருக்கும் நன்றி. நடு எழுத்து தெளிவாகிவிட்டது. நேற்று பஸ்ஸில் வரும்போது 'கோகி, பாபோ, ஹான்குக்' என்று சொல்லிப் பார்த்தேன், யோசிக்காமலே வந்தது. ஆனால் அருள் சொல்லும் தீ, கொம்பு, புல் மூன்றையும் பதிவில் இருபது முறை கேட்டும் வித்தியாசம் தெரியவில்லை. காதைப் பழக்க வேண்டுமா, வாயைப் பழக்க வேண்டுமா?

மொழியரசி
வாயைப் பழக்குங்கள், காது தானாகப் பின்னால் வரும். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடுங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு போதும். மேல்நுனியைப் பிடித்து, உதட்டுக்கு நான்கு விரல்கடை முன்னால் தொங்கவிடுங்கள்.

மூச்சொலியிலிருந்து தொடங்குங்கள், நமக்குப் புதியது அதுதான். குளிர்காலத்தில் கண்ணாடியில் ஊதி ஆவி படியவைப்பதுபோல, ப-வோடு ஒரு ஹ சேர்ந்து வரவேண்டும். தாள் துள்ளி எழும். பிறகு இரட்டை ஒலி. 'அப்பா' என்று சொல்லுங்கள். அ முடிந்து உதடு மூடி, உள்ளே காற்று அடைபட்டு நிற்கும் கணம் ஒன்று உண்டு. அங்கேயே நில்லுங்கள். அ-வை மனத்துக்குள் மட்டும் சொல்லிவிட்டு, அந்த அடைப்பிலிருந்து 'ப்பா' என்று திறங்கள். தாள் அசையவே கூடாது. தொண்டை, கனமான குடத்தைத் தூக்கும் முன் இறுகுமே, அப்படி இறுகியிருக்கும். கடைசியாகத் தளர்ந்த ஒலி. உதட்டை அழுத்தாமல் மூடி, தோளைத் தளர்த்தி, தாழ்ந்த குரலில் 'புல்' என்று விடுங்கள். தாள் இலேசாக ஆடி நிற்கும்.

அருள் சொன்ன சுருதியை மறக்கவேண்டாம். இன்றைய சோல் நகரத்து இளைஞர்கள் பேச்சில் தளர்ந்த ஒலிக்கும் மூச்சொலிக்கும் மூச்சளவில் உள்ள வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிட்டது. பின்னால் வரும் உயிரின் சுருதியை வைத்துத்தான் பிரித்தறிகிறார்கள். தளர்ந்ததற்குப் பின் குரல் கீழே, மூச்சொலிக்கும் இரட்டைக்கும் பின் குரல் மேலே. இருபது முறை கேட்டும் பிடிபடவில்லை என்றீர்களே, நீங்கள் ப-வைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பீர்கள். அடுத்த முறை ப-வை விட்டுவிட்டு, உ எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

பழைய தமிழாசிரியர்
பேரன் கொரிய மொழி படிக்கிறான், அவனுக்குத் துணையாக நானும் உட்காருகிறேன். இந்த உரையாடலைப் படித்ததும் இரண்டு செய்திகளைச் சொல்லத் தோன்றியது.

நோட்டில் தமிழில் எழுதலாமா என்று கதிர் கேட்டார். நம் வீடுகளில் தமிழ் எழுத்தில் அச்சான சமஸ்கிருதத் துதி நூல்களைப் பார்த்திருப்பீர்கள். வர்க்க எழுத்துகளைக் காட்ட, க-வின் தோளில் 2, 3, 4 என்று சிறு எண் போட்டிருப்பார்கள். அந்த உத்தி இங்கே பொருத்தமாக இருக்கிறது. தளர்ந்தது த, மூச்சொலி த², இரட்டை த்த. நிலாவுக்குத் 'தால்', முகமூடிக்குத் 'தா²ல்', மகளுக்குத் 'த்தால்'. தமிழில் சொல் இரட்டை மெய்யில் தொடங்காது என்பதால் 'த்தால்' கண்ணுக்கு உறுத்தும். அந்த உறுத்தல் இருப்பதும் நல்லதே, தொண்டையை இறுக்கு என்று நினைவூட்டும்.

இன்னொன்று, அந்த எழுத்துகளின் வடிவம். ந-வுக்குரிய 'நியுன்' என்ற எழுத்து நம் ட போல இருக்கிறது என்றார் கதிர். அது நாக்கின் படம். நுனி மேலெழுந்து பல்லின் பின்புறத்தைத் தொடும்போது நாக்கு பக்கவாட்டில் எப்படி வளைந்திருக்குமோ, அதைத்தான் வரைந்திருக்கிறார்கள். க-வுக்குரிய 'கியொக்' அதற்கு மறுபுறம், நாவின் அடிப்பகுதி எழும்பித் தொண்டையை அடைக்கும் படம். சதுரம் வாய். கூரைபோல் சாய்ந்த இரு கோடுகள் பல். வட்டம் தொண்டை. இவை பிற்காலத்தார் கற்பித்த நினைவுக் குறிப்புகள் அல்ல. அரசர் செஜோங் 1443இல் எழுத்தை உருவாக்கி 1446இல் வெளியிட்டபோது உடன் வந்த விளக்க நூலே இப்படிச் சொல்கிறது. அந்த நூலின் படி 1940இல்தான் ஆன்தோங் பகுதியில் கிடைத்தது, 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. நாவின் முதலும் அண்ணத்தின் முதலும் பொருந்தக் ககரமும் ஙகரமும் பிறக்கும் என்று தொல்காப்பியப் பிறப்பியலை நாற்பது ஆண்டு நடத்தியவன் நான். அந்த வரியைப் படமாகவே வரைந்து ஒருவர் எழுத்தாக்கியிருக்கிறார் என்று தெரிந்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மூச்சு கூடினால் கோடும் கூடும், இதுதான் அடுத்த நுட்பம். கியொக்கின் நடுவில் ஒரு கோடு போட்டால் க². இரட்டை ஒலிக்கு அதே எழுத்தை இரண்டு முறை அருகருகே எழுதுவார்கள், நாம் க்க எழுதுவதுபோல. இப்படி ஐந்து உண்டு. அடிப்படை 14, இவை 5, ஆக 19 மெய்கள்.

கதிர் மகிழ்ந்த ப-வைப் பற்றியும் ஒரு சொல். அந்த விளக்கத்தின்படி அது வாயைக் குறிக்கும் சதுரத்தின் பக்கக் கோடுகளை மேலே நீட்டியதால் வந்தது, நம் ப-வோடு உறவில்லை. மங்கோலியர் காலத்துப் பக்பா எழுத்தின் செல்வாக்கு உண்டென்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். பக்பாவுக்குத் திபெத்திய எழுத்து மூலம், அதற்கு இந்திய எழுத்து மூலம். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆன்சான் அருள்
ஐயாவின் எண்முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இருந்தாலும் கதிர், தமிழில் எழுதிவைப்பதை ஒரு வாரத்துக்கு மேல் வளர்க்காதீர்கள். எங்கள் விடுதியில் இருந்த ஒரு நண்பர் ஒன்றரை வருடம் தமிழ் எழுத்தில் எழுதியே படித்தார். பேச்சு சரளமாக வந்தது. பஸ் நிறுத்தத்தில் பெயர்ப்பலகையைப் படிக்க மட்டும் இன்னொருவர் வேண்டும். கண் எப்போதும் சுலபமான பக்கம்தான் போகும், பக்கத்தில் தமிழ் இருந்தால் கொரிய எழுத்தை அது பார்க்காது.

அதற்குப் பதிலாகக் கைப்பேசியில் கொரிய விசைப்பலகையை ஏற்றுங்கள். மெய்கள் எல்லாம் இடப்பக்கம், உயிர்கள் வலப்பக்கம். மேல்வரிசையில் இடது ஓரத்து ஐந்து விசைகள் ப, ஜ, த, க, ச. ஷிஃப்ட்டோடு அழுத்தினால் அதே ஐந்தும் இரட்டையாகும். எந்த ஐந்துக்கு இரட்டை உண்டு என்பதை விரலே நினைவில் வைத்துக்கொள்ளும்.

தமிழில் எழுதும் அந்த ஒரு வாரத்திலும் த-வுக்கு ட போடாதீர்கள். ஆங்கிலப் பழக்கத்தால் நிலாவுக்கு நம்மவர்கள் 'டால்' என்கிறார்கள். கொரியர்களின் நாக்கு மேற்பல்லின் பின்னால் தட்டையாகப் படுகிறது, நம் த போல. ட-வுக்கு நாக்கை மடிக்கிறோமே, அந்த மடிப்பு அவர்களிடம் கிடையாது. ச-விலும் கவனம் வேண்டும். நமக்கு ஒரே ச 'சட்டை'யில் ஒருவிதம், 'பச்சை'யில் ஒருவிதம், 'மஞ்ச'ளில் ஒருவிதம். அவர்களுக்கு 'சியொத்' வேறு எழுத்து, 'ஜியுத்' வேறு எழுத்து. 'சட்டை'யின் ச சியொத், அது நடுவில் வந்தாலும் அதிராது. இ-க்கு முன்னால் ஷ ஆகும். உணவகம் 'ஷிக்தாங்'. மற்ற இரண்டும் ஜியுத்தின் குடும்பம்.

மட்டுநகர் சுதன்
வணக்கம் அண்ணா, அக்கா. நான் மட்டக்களப்பு. கொரியாவுக்கு வேலைக்குப் போவதற்கான மொழிப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துகிறேன். எனக்குச் சொல்லின் கடைசியில் வரும் மெய்கள்தான் விளங்கவில்லை. ஓர் அசையின் எழுத்துகளை ஒரே கட்டமாக அடுக்கி எழுதும்போது ச, ஜ, ச² (ஜ-வின் மூச்சொலி), த, த², ஹ என்று பல எழுத்துகள் கட்டத்தின் அடியில் வருகின்றன, ஆனால் கேட்கும் பகுதியில் எல்லாம் ஒரே 'த்' ஆகத்தான் கேட்கின்றது. சில வேளை அதுவும் கேட்காமல் சொல் அறுந்ததுபோல் நிற்கின்றது. நான் கதைக்கும்போது எங்கள் ஆசிரியை 'உ போடாதே, உ போடாதே' என்கிறார். எந்த உ என்று எனக்கே தெரியவில்லை.

பழைய தமிழாசிரியர்
தம்பி சுதன், அந்த உ குற்றியலுகரம். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. 'பஸ்'ஸைக்கூட 'பஸ்ஸு' ஆக்கித்தான் நம் நாக்கு இளைப்பாறும். வல்லினத்தில் முடியும் அவர்கள் சொல்லைச் சொன்னாலும் நம்மை அறியாமல் பின்னால் ஓர் உ ஒட்டிக்கொள்கிறது. கேட்பவருக்கு அது இன்னோர் அசையாகப் படும், ஏனென்றால் உதடு குவியாத அதே உகரம் அவர்களுக்குத் தனி உயிரெழுத்து. நம் 'காசு', 'அது' என்பவற்றின் ஈற்றில் நிற்கும் உகரத்துக்கு அது மிக நெருக்கம்.

இறுதி மெய்யைப் பிடிக்க எளிய வழி உண்டு. சோற்றுக்கு அவர்கள் மொழியில் 'பாப்'. நீ 'பாப்பா' என்று சொல். முதல் பாதியில் உதடு மூடியதும் நிறுத்து. திறக்காதே. உதடு மூடியபடியே மூன்று எண்ணு. அதுதான் 'பாப்'. துணிக்கு 'ஒத்'. 'ஒத்து' சொல்ல ஆரம்பித்து நாக்கு பல்லைத் தொட்டதும் நிறுத்து. தமிழில் எந்த இரட்டித்த வல்லினத்தை எடுத்தாலும் அதன் முதல் பாதி இந்த அடைப்பொலிதான். நமக்குத் தெரியாத ஒலியல்ல, பாதியில் நிறுத்திப் பழக்கமில்லை, அவ்வளவே. ஆற்றுக்கு 'காங்'. 'காங்கயம்' சொல்லி க வரும் முன் நில். வட்ட எழுத்து அசையின் முதலில் வந்தால் ஓசையே கிடையாது, அடியில் வந்தால் இந்த ங்.

மொழியரசி
சுதன், உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அடியில் எந்த எழுத்து நின்றாலும் வெளிவரும் ஒலிகள் ஏழுதான்: க், ன், த், ல், ம், ப், ங். நீங்கள் சொன்ன ச, ஜ, ச², த, த² எல்லாம் 'த்' ஆகிவிடும். பகலுக்கும், அரிவாளுக்கும், முகத்துக்கும் 'நாத்' என்றே ஒலி, எழுத்து மட்டும் வேறு வேறு.

அப்படியானால் ஏன் வேறு எழுத்தில் எழுதவேண்டும்? பின்னால் ஓர் உயிர் வரட்டும், உண்மை வெளியே வரும். உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். 'ஒத்' பின்னால் 'இ' வந்தால் 'ஒஷி', அடியில் இருந்தது சியொத் என்று தெரிந்துவிடும். பகலுக்குரிய 'நாத்' பின்னால் 'எ' வந்தால் 'நாஜெ'. ஹ மட்டும் உயிர் வந்தால் மறைந்துவிடும். 'நன்றாக இருக்கிறது' என்பதற்கு எழுத்தில் ஹ உண்டு, பேச்சில் 'ஜொஆயொ'தான். பரீட்சையில் சொல்லைத் தனியாகக் கேட்டால் குழப்பும், முழு வாக்கியமாகக் கேட்டால் அடுத்த உயிர் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே வாக்கியமாகக் கேட்டுப் பழகுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நன்றி சொல்லும் சொல்லை எழுத்துக்கூட்டினால் 'கம்சாஹப்நிதா'. சொல்வது 'கம்சாஹம்நிதா'. ப் அடுத்துள்ள ந-வைப் பார்த்து ம் ஆகிவிடுகிறது. குழம்புச் சாற்றுக்கு 'குக்' 'முல்' என்று எழுதி 'குங்முல்' என்பார்கள்.

பழைய தமிழாசிரியர்
வாக் + மயம் = வாங்மயம். ஜகத் + நாதன் = ஜகந்நாதன். சத் + மார்க்கம் = சன்மார்க்கம். குக் + முல் = குங்முல். ஒரே வாய், ஒரே மூக்கு! வடசொல் புணர்ச்சியாக நமக்குப் பழகிய மாற்றம் இது. ல்-லும் ந-வும் சந்திக்கும் இடத்தில் மட்டும் எதிர்த்திசை. கல் + நெஞ்சு நமக்குக் கன்னெஞ்சு, ல் தோற்கும். அவர்களுடைய புத்தாண்டு நாள் 'சொல்' + 'நால்', சொல்வது 'சொல்லால்'. அங்கே ந் தோற்கிறது.

நித்யா திருச்சி
இவ்வளவு ஒற்றுமை இருக்கிறதே, தமிழும் கொரிய மொழியும் ஒரே குடும்பமாக இருக்காதா? அப்பாவுக்கு அவர்களும் அப்பா, அம்மாவுக்கு 'ஒம்மா', நாளுக்கு 'நால்'. எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை.

மொழியரசி
அந்த ஆசை பழையது நித்யா. ஹோமர் ஹல்பெர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். மொழியியலாளர்கள் உறவை ஏற்கவில்லை. அம்மா, அப்பா போன்ற குழந்தைச் சொற்கள் தொடர்பே இல்லாத பல மொழிகளில் ஒன்றுபோல் இருக்கும். மற்றவை தனித்தனிச் சொற்கள், ஒழுங்கான ஒலி இணைப்பு கிடைக்கவில்லை. உறவு இல்லாவிட்டால் என்ன, பயன் இருக்கிறது. அவர்களுடைய 'அப்பா'வில் இருப்பது இரட்டைப் ப. நீங்கள் பிறந்ததிலிருந்து அதைச் சரியாகச் சொல்லிவருகிறீர்கள். இரட்டை ஒலியில் சந்தேகம் வந்தால் அப்பாவைக் கூப்பிடுங்கள்.

மட்டுநகர் சுதன்
பாப்பா வழி வேலை செய்கின்றது ஐயா. இன்று ஆசிரியை உ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஒரு சின்னக் கேள்வி. 'ஆம்' என்பதற்கு 'நே' என்று எழுதியிருக்கின்றது. பதிவில் 'தே' என்று கேட்கின்றது. பிழையான பதிவா?

ஆன்சான் அருள்
பதிவு சரியே தம்பி. சொல்லின் முதலில் வரும் ந, ம இரண்டிலும் மூக்கொலி மிகவும் குறைந்துவிடும். நம் காதுக்கு ந த-வாகவும், ம ப-வாகவும் விழும். 'என்ன' என்பதற்கான 'ம்வொ' எனக்குப் பல மாதம் 'ப்வொ' என்றே கேட்டது. நீங்கள் நம் ந-வையே சொல்லுங்கள், அவர்களுக்குச் சரியாகப் புரியும். கேட்கும்போது மட்டும் ஏமாறாதீர்கள்.

ஒரகடம் கதிர்
எட்டு நாள் கழித்து வருகிறேன். காலண்டர் தாளை மேஜைமேல் ஒட்டிவைத்துத் தினமும் அரைமணி நேரம். தீயும் கொம்பும் வாயில் பிரிந்துவிட்டன. புல்லில் மூச்சு இன்னும் சில நேரம் குறைகிறது. காதிலும் மாற்றம் தெரிகிறது. உயிரின் உயரத்தைக் கேட்கச் சொன்னீர்களே அக்கா, பத்துக்கு ஏழு சரியாகச் சொல்கிறேன். தமிழில் எழுதிய நோட்டை நேற்றோடு மூடிவிட்டேன்.

நேற்று வெள்ளை ஸ்டிக்கர் போட்ட பெட்டிகள் மறுபடி வந்தன. முதல் ஸ்டிக்கரில் இரண்டு அசைக் கட்டம். முதல் கட்டம்: தொப்பி போட்ட வட்டம், பக்கத்தில் ஆ, அடியில் குறுக்குக்கோட்டுப் ப. ஹாப். இரண்டாவது: கியொக், யொ, அடியில் மறுபடி கியொக். ஹாப்-க்யொக். எழுத்தில் ஒற்றைக் க, ஆனால் ப்-புக்குப் பின்னால் தொண்டை தானாக இறுகியது. எங்கள் கொரியப் பொறியாளரிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு, 'தேர்ச்சி' என்று பொருள் சொன்னார். இன்னொரு பெட்டியில் 'புல்லியாங்', குறைபாடுள்ளது. அதில் பாம்புபோல் வளைந்த எழுத்து முதல் கட்டத்தின் அடியிலும் அடுத்த கட்டத்தின் தலையிலும் வருகிறது. தனியாக நடுவில் வந்தால் ர, இப்படி இரண்டு சேர்ந்தால் ல்ல என்று பிடித்துக்கொண்டேன், சரிதானே? ஆறு வருடம் நிறத்தைப் பார்த்துப் பிரித்த பெட்டிகளை முதல்முறையாகப் படித்துப் பிரித்தேன்.

ஒன்று மட்டும் மீதி. ஏற்றுமதிப் பெட்டியில் 'சு²ல்' என்று ஒரு கட்டம், அடுத்தது 'ஹா'. பொறியாளர் சொல்லும்போது 'சு²ரா' என்பதுபோல் கேட்டது.

மொழியரசி
ல்ல சரி. 'சு²ல்ஹா' என்றால் சரக்கை வெளியே அனுப்புவது. நிதானமாகச் சொன்னால் ஹ கேட்கும். வேகமாகப் பேசும்போது நடுவிலுள்ள ஹ மெலிந்துவிடும், அப்போது ல்-லுக்கு அடுத்து உயிரே வந்ததுபோல் ஆகி அது ர பக்கம் சாயும். உங்கள் காது கேட்டது சரி. ஸ்டிக்கரைப் படித்துக் காட்டும்போது மட்டும் ஹ-வை விடாமல் சொல்லுங்கள்.